துவாரம் வெங்கடசாமி நாயுடு

துவாரம் வெங்கடசாமி நாயுடு (நவம்பர் 8, 1893 - நவம்பர் 25, 1964) தென்னிந்தியாவின் புகழ்பெற்ற கருநாடக இசை வயலின் கலைஞர்களுள் ஒருவர். மைசூர் டி. சௌடையா, கும்பகோணம் இராசமாணிக்கம் பிள்ளை ஆகிய இருவருடன் சேர்த்து இவரும் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் வயலின் மும்மூர்த்திகளுள் ஒருவராகப் போற்றப்பட்டார். பக்கவாத்தியமாகவே பெரிதும் அறியப்பட்டிருந்த வயலினைத் தனிக் கச்சேரிக்கு உரிய இசைக்கருவியாக நிலைநிறுத்தியவர்களுள் இவர் முதன்மையானவர்.

மேடைப் புகழுக்கு அப்பால் இவருக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. இசைக்கல்வி பெரும்பாலும் குருகுலங்களுக்குள் அடங்கியிருந்த காலத்தில், சமஸ்தானத்தின் செலவில் நடத்தப்பட்ட விஜயநகரம் இசைக்கல்லூரியில் 1919 ஆம் ஆண்டு முதல் இவர் வயலின் கற்பித்தார். பின்னர் அதன் முதல்வராகவும் விளங்கினார். அக்கல்லூரியில் பயின்றவர்கள் பலர் பிற்காலத்தில் இசை ஆசிரியர்களாகவும் இசைக்கல்லூரி முதல்வர்களாகவும் பணியாற்றினர்.

இக்கட்டுரையில் விஜயநகரம் என்பது வடக்கு ஆந்திராவில் விசாகப்பட்டினத்திற்கு அருகிலுள்ள ஊரைக் குறிக்கும். துங்கபத்திரை ஆற்றங்கரையில் அமைந்திருந்த விஜயநகரப் பேரரசின் தலைநகரம் வேறு.

இளமைக்காலம்

வெங்கடசாமி நாயுடு 1893 ஆம் ஆண்டு தீபாவளித் திருநாளன்று பெங்களூரில் பிறந்தார். தந்தையார் இராணுவப் பணியில் இருந்தவர். குடும்பம் பின்னர் விசாகப்பட்டினத்தில் குடியேறியதால், இவர் வளர்ந்தது அந்நகரிலேயே. வீட்டில் இசைப் பழக்கம் இருந்தது. தமையனார் வெங்கடகிருஷ்ணையாவே இவருக்கு வயலின் கற்பித்த முதல் ஆசிரியர்.

சிறு வயதிலேயே இவருக்குப் பார்வைக் குறைபாடு இருந்தது. அதனால் பள்ளிப் படிப்பைத் தொடர இயலவில்லை. ஏட்டுக் கல்வி தடைப்பட்ட சிறுவனுக்குச் செவிவழிக் கல்வியான இசை துணையாயிற்று. பாடங்களைக் கேட்டு மனத்தில் இருத்திக் கொண்டு, நாள்தோறும் நீண்ட நேரம் சாதகம் செய்து தம் வாசிப்பைச் செம்மைப்படுத்திக் கொண்டார்.

தென்னிந்திய இசையில் வயலின்

வயலின் ஐரோப்பாவிலிருந்து வந்த கருவி. முத்துசுவாமி தீட்சிதரின் இளவலான பாலுசுவாமி தீட்சிதர் (1786 - 1858) ஐரோப்பிய வாத்தியக் குழுவினரிடமிருந்து இதனைக் கற்றுக் கருநாடக இசைக்குக் கொண்டு வந்தார் எனக் கூறப்படுகிறது. தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலுவும் இக்கருவியைத் தென்னாட்டில் பரப்பியவராவார். அடுத்த நூறாண்டுகளுக்குள் வாய்ப்பாட்டுக் கச்சேரியில் வயலின் தவிர்க்க இயலாத பக்கவாத்தியமாகிவிட்டது.

தென்னிந்தியக் கலைஞர்கள் தரையில் அமர்ந்து, வயலினின் தலைப்பகுதியை வலக்கால் கணுக்காலின் மேல் சாய்த்து வைத்து வாசிப்பர். இதனால் இடக்கை கருவியைத் தாங்கும் சுமையிலிருந்து விடுபட்டு, கமகங்களுக்காகத் தந்தியின் மீது தடையின்றி நகர முடிகிறது. நான்கு தந்திகளும் சட்ஜமம், பஞ்சமம், சட்ஜமம், பஞ்சமம் என்ற முறையில் சுருதி சேர்க்கப்படும்.

வீணையில் மெட்டுகள் இருப்பதைப் போல வயலினில் சுரத்தானத்தைக் காட்டும் அடையாளம் எதுவும் இல்லை. விரல் ஒரு நூலிழை விலகினாலும் சுருதி பிசகும். வில்லை இழுக்கும் அழுத்தமும் வேகமும் மாறினால் நாதம் கெடும். தவறு கையில் பழகிப் போவதற்கு முன்னரே அதனைத் திருத்த, ஆசிரியர் ஒருவர் அருகில் இருந்து பார்க்கவும் கேட்கவும் வேண்டும். இசைக்குடும்பத்தில் பிறக்காத, குருவின் இல்லத்தில் ஆண்டுக்கணக்கில் தங்க வசதியற்ற ஒருவருக்கு இத்தகைய ஆசிரியர் கிடைப்பது அக்காலத்தில் அரிதாகவே இருந்தது.

விஜயநகரம் இசைக்கல்லூரி

சென்னை மாகாணத்தின் வடபகுதியில் இருந்த விஜயநகரம் சமஸ்தானம் இசைக்கும் இலக்கியத்திற்கும் ஆதரவளித்து வந்த ஒன்றாகும். அதன் அரசர் பூசபாடி விஜயராம கஜபதி ராஜு 1919 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் அங்கு ஓர் இசைக்கல்லூரியை நிறுவினார். அரண்மனை ஊழியர் ஒருவரின் பார்வையற்ற மகன் இசை கற்க ஒரு வழி செய்து தருமாறு அரசரிடம் வேண்டப்பட்டதாகவும், அச்சிறுவன் ஒருவனுக்கு மட்டும் உதவுவதோடு நிறைவடையாமல் அனைவருக்கும் பயன்படும் கல்லூரியாகவே அரசர் அதனை அமைத்ததாகவும் கூறப்படுகிறது.

ஹரிகதைக் கலையில் தன்னிகரற்று விளங்கிய ஆதிபட்ல நாராயண தாசு (1864 - 1945) கல்லூரியின் முதல் முதல்வராக நியமிக்கப்பட்டார். வாய்ப்பாட்டு, வீணை, வயலின் முதலியவை கற்பிக்கப்பட்டன. செலவைச் சமஸ்தானம் ஏற்றுக்கொண்டதால், இசை கற்க விரும்பியவருக்குக் கல்விக் கட்டணம் ஒரு தடையாக இருக்கவில்லை.

தென்னிந்தியாவில் இசைக்கென நிறுவப்பட்ட முற்காலக் கல்லூரிகளுள் இதுவும் ஒன்று. சிதம்பரத்தில் இராசா அண்ணாமலைச் செட்டியார் இசைக்கல்லூரி தொடங்கியது 1929 இல். திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாள் பெயரிலான இசைக்கல்லூரி தோன்றியது 1939 இல். முசிரி சுப்பிரமணிய ஐயரை முதல்வராகக் கொண்டு சென்னையில் மத்திய கருநாடக இசைக்கல்லூரி தொடங்கியது 1949 இல். இவற்றுக்கெல்லாம் முன்னரே விஜயநகரத்தில் பொதுக்கல்வி முறையில் இசை வகுப்புகள் நடைபெற்று வந்தன.

பேராசிரியர் பணி

கல்லூரி தொடங்கிய 1919 ஆம் ஆண்டில், தம் இருபத்தாறாவது அகவையில், வெங்கடசாமி நாயுடு அங்கு வயலின் பேராசிரியராக நியமிக்கப்பட்டார். அவர் மாணவராகச் சேரும் எண்ணத்துடனேயே விஜயநகரம் சென்றார் என்றும், அவருடைய வாசிப்பைக் கேட்ட நாராயண தாசு முதலியோர் அவரை ஆசிரியராகவே அமர்த்தினர் என்றும் ஒரு செய்தி வழங்கி வருகிறது. பட்டமோ பள்ளிச் சான்றிதழோ இல்லாத ஓர் இளைஞரைத் திறமை ஒன்றையே அளவுகோலாகக் கொண்டு ஏற்றது அக்கல்லூரியின் போக்கைக் காட்டுகிறது.

குருகுல முறையில் மாணவர் ஆசிரியரின் இல்லத்தில் தங்கி, வீட்டுப் பணிகளையும் செய்து, ஆசிரியர் விரும்பும் நேரத்தில் பாடம் பெறுவது வழக்கம். இம்முறையில் உருவான கலைஞர்கள் பலர். எனினும் யாரைச் சேர்ப்பது, எத்தனை ஆண்டுகள் கற்பிப்பது, எதைக் கற்பிப்பது என்பன யாவும் ஆசிரியர் ஒருவரின் விருப்பத்தையே சார்ந்திருந்தன. கல்லூரி முறையில் குறித்த நேரம், வரிசைப்படுத்தப்பட்ட பாடம், தேர்வு ஆகியவை இடம்பெற்றன. சரளி வரிசை, சண்ட வரிசை, அலங்காரம், கீதம், வர்ணம், கீர்த்தனை என்ற படிநிலைகளை ஒரு மாணவர் ஒழுங்காகக் கடந்து செல்லும்போது, அவற்றைப் பிறருக்குக் கற்பிக்கும் வரிசையையும் உடன் அறிந்து கொள்கிறார். பல்வேறு திறனுடைய மாணவர்கள் திருத்தப்படுவதை ஒரே வகுப்பறையில் காண்பதும் எதிர்கால ஆசிரியருக்கு ஒரு பயிற்சியாகும்.

கல்லூரிப் பணியால் நாயுடுவுக்கு நிலையான ஊதியமும் கிடைத்தது. கச்சேரி வருமானத்தை மட்டுமே நம்பிய கலைஞர் ஊர் ஊராகச் செல்ல வேண்டியிருந்த காலம் அது. ஓரிடத்தில் தங்கி ஆண்டுதோறும் மாணவர்களை உருவாக்க இப்பதவி அவருக்கு வழிவகுத்தது. நாராயண தாசுவுக்குப் பின் 1936 ஆம் ஆண்டில் கல்லூரியின் முதல்வர் பொறுப்பை ஏற்றார். பார்வைக் குறைவினால் பள்ளியை விட்ட ஒருவர், பார்வையற்ற சிறுவன் ஒருவனின் பொருட்டுத் தோன்றியதாகக் கூறப்படும் கல்லூரிக்குத் தலைவரானது குறிப்பிடத்தக்கது.

வாசிப்பு முறை

நாயுடுவின் வாசிப்பில் வில்லாட்சி தனிச்சிறப்பு உடையது. நீண்ட வில் வீச்சு, இனிமையும் தெளிவும் மிக்க நாதம், சுருதிச் சுத்தம் ஆகியவை அவருடைய பாணியின் கூறுகள். மேலை நாட்டு வயலின் கலைஞர்களின் வாசிப்பையும் அவர் கூர்ந்து கவனித்தார். அவர்களுடைய வில் நுட்பத்தில் தமக்கு ஏற்றதை எடுத்துக்கொண்டு, கருநாடக இசையின் இலக்கணம் வழுவாமல் பயன்படுத்தினார்.

வயலின் மும்மூர்த்திகள் மூவரும் மூன்று வழிகளில் சென்றவர்கள். ஒலிபெருக்கி பரவலாகாத காலத்தில் பெருங்கூட்டத்தின் கடைசி வரிசை வரை ஒலி எட்ட வேண்டும் என்பதற்காகச் சௌடையா (1895 - 1967) ஏழு தந்திகள் கொண்ட வயலினை அமைத்துக்கொண்டார். இராசமாணிக்கம் பிள்ளை (1898 - 1970) பாடகரை நிழல் போலத் தொடரும் பக்கவாத்தியத்தில் புகழ் பெற்றார். நாயுடு நான்கு தந்தி வயலினின் நாதத்தையே மேம்படுத்துவதில் கருத்தூன்றினார். கற்பித்தலிலும் இவர்களிடையே ஒப்புமை காணலாம். சௌடையாவும் மைசூரில் அய்யனார் இசைக்கல்லூரியை நிறுவியவர்.

கச்சேரி மேடையில்

முன்னணிப் பாடகர்கள் பலருக்கு நாயுடு பக்கவாத்தியம் வாசித்தார். 1938 ஆம் ஆண்டு வேலூரில் அவர் முதன்முதலாக வயலின் தனிக் கச்சேரி நிகழ்த்தினார். பாடகர் இன்றி, வயலினையே முதன்மையாகக் கொண்டு முழுக் கச்சேரி நடத்துவது அந்நாளில் புதுமையாகக் கருதப்பட்டது. தொடர்ந்து பல ஊர்களில் அவருடைய தனிக் கச்சேரிகள் நடைபெற்றன. இசைத்தட்டுகளும் அவர் புகழைப் பரப்பின.

தனிக் கச்சேரியின் வளர்ச்சி வயலின் கல்வியையும் பாதித்தது. பக்கவாத்தியம் வாசிப்பவர் பாடகரைப் பின்பற்றினால் போதும் என்ற எண்ணம் மாறியது. இராக ஆலாபனை, நிரவல், கற்பனைச் சுரம், பல்லவி ஆகிய அனைத்தையும் தானே வடிவமைக்கும் முழுமையான இசையறிவு வயலின் மாணவருக்கும் தேவை என்பது உணரப்பட்டது.

1941 ஆம் ஆண்டு சென்னை மியூசிக் அகாதெமியின் இசை மாநாட்டிற்கு நாயுடு தலைமை வகித்தார். உலகப் புகழ்பெற்ற வயலின் கலைஞர் யெகுடி மெனுகின் 1952 இல் இந்தியா வந்தபோது, அப்போது சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்த பி. வி. இராஜமன்னாரின் இல்லத்தில் நாயுடுவின் வாசிப்பைக் கேட்டுப் பாராட்டினார்.

மாணவர்களும் ஆசிரியர் மரபும்

விஜயநகரம் கல்லூரியின் பயனை அதன் மாணவர்களின் வாழ்க்கையில் காணலாம். தென்னிந்தியத் திரையிசையில் பெரும்புகழ் பெற்ற பாடகர் கண்டசாலா (1922 - 1974) அவர்களுள் ஒருவர். இளமையில் தந்தையை இழந்து, கைப்பொருள் இன்றி விஜயநகரம் வந்த அவர், வீடு வீடாகச் சென்று உணவு பெற்றுக் கொண்டே அக்கல்லூரியில் வாய்ப்பாட்டு பயின்றார். கல்விக்குப் பொருள் தேவைப்பட்டிருந்தால் அவர் இசைத்துறைக்கு வந்திருப்பாரா என்பது ஐயமே. பின்னணிப் பாடகி பி. சுசீலாவும் இக்கல்லூரியில் பயின்றவர்.

இசை ஆசிரியர்களாக உயர்ந்தவர்களுள் நேதுநூரி கிருஷ்ணமூர்த்தி (1927 - 2014) குறிப்பிடத்தக்கவர். எளிய குடும்பத்தில் பிறந்த இவர் 1940 இல் கல்லூரியில் சேர்ந்து, நாயுடுவின் உறவினரான துவாரம் நரசிங்கராவ் நாயுடுவிடம் வாய்ப்பாட்டும் வயலினும் கற்றார். பிற்காலத்தில் ஆந்திராவின் அரசு இசைக்கல்லூரிகள் பலவற்றில் முதல்வராகப் பணியாற்றினார். 1991 இல் சங்கீத கலாநிதி விருது பெற்றார். நூகல சின்ன சத்தியநாராயணா வெங்கடசாமி நாயுடுவிடம் வயலின் பயின்றவர். இவரும் இசைக்கல்லூரி முதல்வராக விளங்கினார். 2010 இல் பத்ம பூஷண் விருது பெற்றார். இவ்விருவரும் வாய்ப்பாட்டுக் கலைஞர்களாகவே பெரிதும் அறியப்பட்டாலும், இருவருக்கும் இளமையில் வயலின் பயிற்சி இருந்தது.

நாயுடுவின் குடும்பத்தினரும் ஆசிரியப் பணியைத் தொடர்ந்தனர். துவாரம் நரசிங்கராவ் நாயுடு, மகன் துவாரம் பாவநாராயண ராவ், அடுத்த தலைமுறையைச் சேர்ந்த துவாரம் துர்கா பிரசாத ராவ் ஆகியோர் விஜயநகரம் கல்லூரியின் முதல்வர்களாக வெவ்வேறு காலங்களில் பொறுப்பு வகித்தனர். மகள் துவாரம் மங்கத்தாயாரும் வயலின் கலைஞராக விளங்கினார். தமையன் தம்பிக்கு வீட்டில் கற்பித்த கலை, கல்லூரியின் வழியாக அக்குடும்பத்திற்கு எவ்விதத் தொடர்பும் இல்லாதவர்களுக்கும் கிடைத்தது.

கல்லூரியின் பிற்கால நிலை

ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948 இல் இயற்றப்பட்ட பின்னர், சமஸ்தானங்களின் வருவாயை நம்பியிருந்த நிறுவனங்களுக்கு வேறு ஆதரவு தேவைப்பட்டது. விஜயநகரம் இசைக்கல்லூரி பின்னாளில் அரசின் பொறுப்பில் வந்து, மகாராஜா அரசு இசை மற்றும் நடனக் கல்லூரி என்ற பெயரைப் பெற்றது. நிறுவிய அரசரும் முதல் ஆசிரியர்களும் மறைந்த பின்னரும் அது நிலைத்து, 2019 இல் நூறாண்டுகளை நிறைவு செய்தது. குருகுலம் பெரும்பாலும் குருவின் ஆயுளோடு முடிந்துவிடும். ஆசிரியர் ஓய்வு பெற்றாலும் அவருடைய இடத்திற்கு அங்கேயே பயின்ற மற்றொருவர் வர முடிந்தது கல்லூரி முறையின் பயனாகும்.

தமிழ்நாட்டில் இத்தகைய கல்வி

குறைந்த செலவில் பொதுமக்களுக்கு இசை கற்பிக்கும் முறை தமிழ்நாட்டிலும் பரவியது. சென்னை, மதுரை, கோயம்புத்தூர், திருவையாறு ஆகிய இடங்களில் அரசு இசைக்கல்லூரிகள் உள்ளன. இவை தவிர, விருதுநகர் உட்படப் பல மாவட்டங்களில் மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் செயல்படுகின்றன. குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் ஆகியவை அங்கு மூன்றாண்டுப் படிப்பாகக் குறைந்த கட்டணத்தில் கற்பிக்கப்படுகின்றன.

தஞ்சை, சென்னை போன்ற இசை மையங்களிலிருந்து தொலைவில் உள்ள மாவட்டங்களுக்கு இப்பள்ளிகள் இன்றியமையாதவை. பட்டாசுத் தொழிலுக்குப் பெயர் பெற்ற சிவகாசி, வெம்பக்கோட்டை வட்டாரத்தில் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த ஒரு பிள்ளை வயலின் கற்க விரும்பினால், பெருநகரத்திற்குக் குடிபெயராமல் தன் மாவட்டத் தலைநகரிலேயே தொடங்க முடியும். அங்கு அடிப்படை பெற்று, இசைக்கல்லூரிக்குச் சென்று, ஆசிரியராகத் திரும்பி வரும் வாய்ப்பும் உண்டு. இத்தகைய வட்டாரங்களில் வயலின் கல்வி வேரூன்றுவதற்கு அங்கிருந்தே ஆசிரியர்கள் உருவாக வேண்டும் என்பதை விஜயநகரத்தின் நூறாண்டு வரலாறு உணர்த்துகிறது.

விருதுகளும் சிறப்புகளும்

சங்கீத கலாநிதி - சென்னை மியூசிக் அகாதெமி, 1941
சங்கீத நாடக அகாதெமி விருது - 1953
பத்மஸ்ரீ - இந்திய அரசு, 1957

மறைவு

துவாரம் வெங்கடசாமி நாயுடு 1964 ஆம் ஆண்டு நவம்பர் 25 ஆம் நாள், தம் எழுபத்தோராவது வயதில் காலமானார். அவருடைய பிறந்த நாள் நூற்றாண்டையொட்டி 1993 ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை அவருடைய உருவம் பொறித்த அஞ்சல் தலையை வெளியிட்டது.